காலை ஆளும் மத்தியான ஆளும்

ஆம்பூரில் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார் அந்த அம்மா. எங்கள் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்து உரிந்திருந்தன. யாரோ கொடுத்த குழந்தையை ஏந்தியிருப்பவர் போல அவற்றை முன்னால் நீட்டியே வைத்திருந்தார். நான் ஆபீஸ் குமாஸ்தா. எனக்கு ஜலதோஷம்.

"கார்டு எங்க?" என்றார் கம்பவுண்டர்.

"குடுக்கல சார். அரை நாள் ஆளாம்."

"அரை நாள் ஆளுக்கு இங்க மருந்து கிடையாது. போம்மா."

அது எங்கள் கம்பெனியின் சாமர்த்தியம். மத்தியானச் சங்கு ஊதியதும் அரை நாள் பெண்கள் முன் கேட் வழியாக வெளியே போக வேண்டும். சுவரைச் சுற்றி வந்து, பின் கேட் வழியாக கான்ட்ராக்டரின் ஆட்களாக அதே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கணக்கிலும் அரை நாள்தான் என்பதால் யாரும் கார்டு தர வேண்டியதில்லை. இதை யோசித்துக் கொடுத்த மேனேஜருக்கு மட்டும் முழு நாள் சம்பளம், இன்ஷூரன்ஸ் கார்டோடு.

அந்த அம்மா வெளியே போனார். நான் தும்மிக் காட்டி மாத்திரை வாங்கித் திரும்பினால், ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வந்து மறுபடி நிற்கிறார்.

"இன்னாம்மா, இப்பதானே அனுப்புனேன்?"

"அது காலை ஆளு சார். நான் மத்தியான ஆளு. ரெண்டு பேருக்கும் சேத்து இந்த ரெண்டு கைதான். ஒரு கைக்காவது மருந்து போடுங்க."

கம்பவுண்டர் சிரித்தார். வரிசையே சிரித்தது. மருந்து மட்டும் போடவில்லை.

குமாஸ்தா வேலைக்கு நடுவே இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். இதைவிட நல்ல வரி எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது யாராவது சிரித்தால் அறையத் தோன்றுகிறது.