மூன்றாவது கிரீனில் விழுந்த மஞ்சள் திட்டு

கோல்ஃப் மைதானத்தில் பந்து குழிக்குள் போனால் ஆடியவர் கெட்டிக்காரர், போகாவிட்டால் புல் வெட்டியவன் முட்டாள். அந்த முட்டாள்களில் நானும் ஒருவன். தோட்ட வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். 1991-ல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி தன் விருந்தாளிகளுக்காக மைதானம் போட்டது. வடக்குப்பட்டில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் ஐந்து பெண்களையும் மூன்றாவது கிரீனுக்கு வைத்தார்கள். கிரீன் என்றால் குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை. துளி மேடு பள்ளம் இருந்தாலும் பந்து துள்ளிவிடும்.

வரப்பு கட்டினேன்

புல்லும் பயிர்தானே என்று நினைத்தேன். அந்த ஆவணியில் வெயில் கொளுத்தியது. புல் வாடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு வரப்பு போட்டு, நெல் வயலுக்குக் கட்டுவதுபோல இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கிவிட்டேன். என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் வேர் அழுகி, நட்டநடுவில் முறம் அகலத்துக்கு மஞ்சள் திட்டு விழுந்துவிட்டது.

மைதானச் செயலாளர் பட்டாளத்தில் இருந்தவர். மார்கழியில் பெரிய போட்டி, மேனேஜிங் டைரக்டரே ஆட வருகிறார், அதற்குள் திட்டு மறையாவிட்டால் எங்கள் ஆறு பேரையும் அனுப்பிவிட்டுப் பெங்களூர் ஆட்களைக் கொண்டுவருவேன் என்றார். போகிற போக்கில் வரப்பைக் காலால் தட்டிவிட்டுக் கேட்டார்: "முனுசாமி, இது பந்து ஆடறதுக்கா, மீன் வளக்கறதுக்கா?"

சல்லடை

அழுகிய மண்ணை எடுத்துவிட்டு ஆற்று மணல் நிரப்ப வேண்டும். மணலில் ஒரு கல் இருந்தாலும் வெட்டும் மிஷினின் பிளேடு போய்விடும். கடையில் கிடைத்ததெல்லாம் பெரிய கண் சல்லடை. வீட்டில் புட்டு மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வாரம் சலித்தோம். ஓரத்துப் பாத்தியிலிருந்து நல்ல புல்லை வேரோடு பிடுங்கி வந்து நட்டோம். எங்கள் கூட்டத்தில் மூத்தவளான பேபியம்மாள் நடவுக்குப் பேர்போனவள். அவள் நட்ட வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. அந்தக் கர்வத்தோடு வீட்டுக்குப் போனால், என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "புட்டு துன்னணும்னா இனிமே அந்தப் புல்லாண்டயே போய்க் கேளு!"

பனி பெருக்கினோம்

மார்கழி பிறந்தது. விடிகாலைப் பனி புல்மேல் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் நீள மூங்கில் கழியால் வருடி வருடிப் பனியைத் தட்டிவிடுவோம். அதே கம்பெனியில் முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் மச்சினன் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். "இன்னா மாமா, பனியப் பெருக்கறதுக்குக் கூட ஆள் வச்சிக்கீறாங்களா? இதுக்கு ஓ.டி. வேற உண்டா?"

போட்டி நாள்

மேனேஜிங் டைரக்டர் இரண்டடி தூரத்திலிருந்து பந்தைத் தட்டினார். அது குழியை உரசிக்கொண்டு போய்விட்டது. உடன் ஆடியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். "இங்கதானே புல் அழுகிப்போச்சுன்னு சொன்னீங்க?" என்று செயலாளரிடம் திரும்பினார் டைரக்டர். செயலாளர் என்னைப் பார்த்தார். ஆறு வீட்டு அடுப்பும் அந்த ஒரு முறம் அகலத்தில் இருந்தது.

டைரக்டர் குனிந்தார். கையால் தடவினார். குழியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தார். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "எங்கய்யா அந்த மஞ்சள் திட்டு?" என்று கேட்டார். செயலாளருக்கே இடம் தெரியவில்லை. எனக்குத் தெரியும், கை காட்டப் போனேன். களைக்கொத்தோடு ஓரமாக நின்றிருந்த பேபியம்மாள்தான் சொன்னாள்: "அது மேலதான் சார் நின்னுகினு கீறீங்க!"

பெங்களூர் ஆட்கள் வரவே இல்லை. ஆனால், மாதக்கணக்கில் பாடுபட்ட வேலை எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் போவதுதான் பெருமை என்றால், அது நம்முடைய இந்தப் பாழாய்ப்போன தொழிலில் மட்டும்தான்.