முகம் காட்டிவிட்டுப் போகிற பள்ளிக்கூடம்

விருதுநகரில் மைசூர் வண்டியை விட்டு இறங்கியபோது எட்டு மணி ஆகியிருக்கவில்லை. இறங்கிய வேகத்தில் நாலு தும்மல். ஸ்டேஷனுக்கு வெளியே மினி லாரியில் மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓசூரிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த எரிச்சல் வேறு. யாரிடமாவது சண்டை போட்டால் தேவலை என்றிருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை.

நான் ஓசூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசி, வகுப்பில் தமிழைக் கேட்டு மிரண்டு, ஒன்றாம் வகுப்பிலேயே வாயை மூடிக்கொள்கிறவர்கள். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இதே மாதிரி தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளி, இழுத்து மூடுகிற நிலையிலிருந்து எழுந்து, இப்போது தனியார் பள்ளி வேனில் போன பிள்ளைகளைக்கூடத் திரும்ப வரவழைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நம்பவில்லை. நேரில் போய்க் குறை கண்டுபிடித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

சிவகாசி வரை முக்கால் மணி நேரம். அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு கிடையாது. தீபாவளி சீசன். வழி நெடுக பட்டாசுக் கம்பெனி வேன்கள் எங்கள் பஸ்ஸை ஒதுக்கிக்கொண்டு பறந்தன. பட்டாசுக் கம்பெனியை இங்கே பயர் ஆபீஸ் என்கிறார்கள். ஏதோ கோப்பு பார்க்கிற இடம் போல. கண்டக்டரிடம் பள்ளியைச் சொல்லிக் கேட்டேன்.

"ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடமா? வாசல்லயே எறக்கி விடுதேன். பிள்ளை சேக்க வந்திருக்கீகளா? இந்த வருசம் எடமில்லைன்னு சொன்னாக."

அரசுப் பள்ளியில் இடமில்லையாம்! அந்த இடத்திலேயே எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது.

பத்து மணிக்கு இறங்கினேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியை ஜெசிந்தா பிறகு கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். சுற்றிலும் கரிசல், நடுவே இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு புதுக் கான்கிரீட் கட்டடம், பச்சை இரும்புக் கேட். கேட்டில் பெரிய எழுத்தில்: "மருந்து படிந்த உடையோடு உள்ளே வரக் கூடாது. முகம், கை, கால் கழுவிவிட்டு வரவும்." அதற்குக் கீழே அதையே தமிழ் எழுத்தில் தெலுங்காக எழுதியிருந்தார்கள்: "மொகம் கடுக்கொனி ரண்டி."

"வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்றபடி ஜெசிந்தா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தமிழ் வீட்டில் பிறந்தவர். இங்கே வந்த பிறகுதான், சமையல் செய்கிற அம்மாவிடம் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக்கொண்டாராம். ஒன்றாம் வகுப்பில் முதல் சில மாதங்கள் கதை, கணக்கு, கண்டிப்பு எல்லாம் தெலுங்கில்தான். பிள்ளை வாயைத் திறந்த பிறகு தமிழ் மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. கேட்டில் இருந்த வரியைப் பற்றிக் கேட்டேன். அம்மாக்கள் பெரும்பாலும் பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள்; ஒருத்தியின் உடையில் ஒட்டி வந்த பட்டாசு மருந்துப் பவுடர் ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்து பெரும்பாடாகிவிட்டதாம்; அதற்குப் பிறகு அவர் போட்ட சட்டம் அது.

குறை ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றாம் வகுப்பில் பவானி என்ற குட்டி என்னை நிறுத்தி, என் மூக்குத்தி தங்கமா என்று தெலுங்கில் விசாரித்தாள். கவரிங் என்றேன். உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

பதினொன்றரை இருக்கும். தரை ஒரு முறை உதைத்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. வடக்கே, வெம்பக்கோட்டை அணைப்பக்கம், வெள்ளையாகப் புகை எழுந்தது.

ஐயோ என்று கத்தியவள் நான் ஒருத்திதான். பிள்ளைகள் கத்தவில்லை. எல்லா வகுப்பும் எழுந்து, புதுக் கட்டடத்துக்குள் வந்து, சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. ஜெசிந்தா கேட்டைச் சாத்தி, அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இனி அம்மாமாரு வருவாக. பிள்ளைகிட்ட மொகத்தக் காட்டிட்டுப் போவாக" என்றார்.

"போன் போட்டுக் கேட்டால் என்ன?"

"மருந்து இருக்க எடத்துல போன் ஆகுமா? வாசல்லயே வாங்கி வச்சிருவாக. முந்தி சத்தம் கேட்டா பிள்ளைக பொகையப் பாத்து ஓடும், தாய் பிள்ளையத் தேடி ஓடுவா. அப்புறம் பயத்துல வாரக்கணக்குல பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டாக. இப்ப எந்தக் கம்பெனியில வெடிச்சாலும் எல்லா வேனும் மொதல்ல இங்கனதான் வரும்."

இன்னொரு சட்டமும் உண்டு. தன் அம்மா வந்துவிட்டாலும் பிள்ளை எழுந்து போகக் கூடாது. கடைசிப் பிள்ளைக்கு ஆள் வருகிற வரை எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. வந்தவர்களையாவது அனுப்பக் கூடாதா என்று சற்றுக் காட்டமாகவே கேட்டேன்.

"அனுப்பலாம் டீச்சர். கடைசியா ஒத்தப் பிள்ளை தனியா உக்காந்திருக்குமே, அத யாரு பாக்க?"



வேன்கள் வந்தன. பெண்கள் கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மாவைப் பார்த்த பிள்ளை கையை மட்டும் தூக்கியது, சிரிக்கக்கூட இல்லை. பன்னிரண்டரைக்குள் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கிவிட்டார்கள், பவானியைத் தவிர. அவள் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். அம்மா ராமலட்சுமிதான் வர வேண்டும். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராமலட்சுமியோடு தினமும் ஒரே வேனில் போகிற மாரீஸ்வரி, ஜெசிந்தாவை எங்கள் அருகிலேயே நிறுத்திப் பேசினார். தெலுங்கில் பேசினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று, கவனமாகத் தமிழில்.

"காலையில அவ நம்ம வேன்ல ஏறல டீச்சர். அணைப்பக்கத்துக் கம்பெனியில ஆர்டர் சாஸ்தி, ஆள் பத்தலன்னு கூப்புட்டாக. அந்த வேன்ல ஏறிட்டா. வெடிச்சது அங்கனதான்."

பவானியின் விரல்கள் என் புடவையைப் பிடித்தன. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் புரிந்திருக்காது. அந்தப் பள்ளி ஜெயித்துவிட்டது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதை அப்படிப் பார்த்திருக்க வேண்டாம்.

"அம்மா ராலேது" என்றாள். அம்மா வரவில்லை. அழவில்லை, தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

ஜெசிந்தா ஒருவரைப் பைக்கில் அணைப்பக்கம் விரட்டினார். அவர் திரும்பி வந்து, ஒருவருக்குக் கை வெந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அவர் ஆண், மற்றவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள், ராமலட்சுமியைப் பார்த்தவர் இல்லை என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையும் தட்டைத் தொடவில்லை. எனக்கு இந்தச் சின்னக் கையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கடவுளே, இவள் கண்ணெதிரே அந்தச் செய்தி வந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு, கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கன்னமெல்லாம் சிவந்திருந்தது. காதோரம் மட்டும் வெள்ளி மினுங்கியது.

பவானி எழுந்து ஓடினாள். சட்டத்தை அன்று அவள்தான் மீறினாள். ஆனால் கடைசிப் பிள்ளை அவள்தானே.

"எங்கனடி போயிருந்த?" மாரீஸ்வரி அலறினார். "ரெண்டு மணி நேரமா இந்தப் பிள்ளை செத்துப் பொழைக்குது!"

ராமலட்சுமி மூச்சு வாங்கினாள். "அப்பவே ஓடியாந்துட்டேங்கா. புதுக் கம்பெனியில பவுடர் எடை போடச் சொன்னாக, ஒடம்பெல்லாம் வெள்ளியா ஒட்டிக்கிருச்சு. பாதி வழியிலதான் பாத்தேன். இந்தக் கோலத்துல எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு வாரது? அணைக்கே திரும்பிப் போயி முங்கித் தேச்சேன். போகவே மாட்டேங்குது. டீச்சர் கேட்டுல எழுதிப் போட்டிருக்காகளே."

 நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

பவானி அம்மாவின் ஈர இடுப்பில் ஏறி, அவள் தோளில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். "கடுக்கோகுண்டா ரா! கடுக்கோகுண்டா ரா!" கழுவாமல் வா. கழுவாமல் வா. அதற்கு அப்புறம்தான் அழுகை வந்தது. அதைப் பார்த்துப் பள்ளி மொத்தமும் அழுதது. அதற்கும் பிறகுதான் தட்டுகள் சத்தம் போட ஆரம்பித்தன.

நான்கு மணிக்கு நான் கிளம்பும்போது ஜெசிந்தா பெயின்ட் டப்பாவோடு கேட்டருகே குந்தியிருந்தார். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே புதிதாக எழுதியிருந்தார்: "சத்தம் கேட்டால் கழுவாமல் வாங்க." அதற்கும் கீழே, பவானி சொன்னதை அவள் சொன்னபடியே. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"ஒங்க பள்ளிக்கூடத்துக் கேட்டுல என்ன டீச்சர் எழுதியிருக்கீக?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் ஓசூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்குப் போனேன். தினமும் நான் திறந்து மூடுகிற கேட்தான். அன்றுதான் நின்று படித்தேன். "அனுமதியின்றிப் பெற்றோர் உள்ளே வரக் கூடாது." தமிழில் மட்டும் எழுதியிருந்தது. வெளியே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை விட வந்த ஒரு தாய், வழக்கம்போல எட்டி நின்று, உள்ளே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"ரண்டம்மா" என்றேன். வாங்கம்மா. அவள் பின்னால் திரும்பி, நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேனா என்று பார்த்தாள்.