வூ எழுதத் தெரிந்த வகுப்பு

நேற்று மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரே முந்திரிப்பழ வாசனை. யாரோ பையில் வைத்து நசுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த வாசனைக்கு உங்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கு ஒரு பரீட்சை ஞாபகம்தான் வரும். காரணம் இருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கு நான் மாறி வந்த புதிது; இந்த வருஷ முந்திரி அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது. பரீட்சை வைத்து, சரி எது தப்பு எது என்று செல்போனில் ஏற்றினால் போதும், எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அதுவே பிரித்துச் சொல்லும் என்றார்கள் கல்வி ஆபீசில். படம் பார்த்துப் பெயர் எழுதும் பரீட்சை. சரியான விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரி, தப்பு, தப்பு என்று ஒரே மூச்சில் தட்டிவிட்டு, ஒரு பிள்ளை கொடுத்த முந்திரிப்பழத்தைக் கடித்தேன். முடிவு வந்தது. வகுப்பு மொத்தமும் சிவப்பு. ‘எழுத்து அறிமுகத்திலிருந்து தொடங்கவும்.’

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், பூராவும் செவந்து கெடக்கு? நாளைக்குக் கல்வி ஆபீசர் அம்மா பள்ளிக்கூடம் பாக்க வராங்க.”

கடித்த பழத்தை மேசையில் வைத்தேன். கைக்குட்டையால் திரையைத் துடைத்தேன், சிவப்பு என்னவோ அழுக்கு மாதிரி! மூன்றாம் வகுப்பை மறுபடி அ, ஆவில் உட்கார வைத்தால் பாடப்புத்தகத்தை எப்போது முடிப்பது? என்னை எங்கே தூக்கியடிப்பார்கள்? கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமா?

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் செல்வி. அவளுக்கும் சிவப்பு. கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன்.

“இது என்னம்மா?”

“வூடு சார்.”

“எழுது பாக்கலாம்.”

கரும்பலகையில் ‘வூடு’ என்று எழுதினாள். பெரியவர்களே தடுமாறும் அந்த வூ, சுழி பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

“வீடுன்னுல்ல எழுதணும்?”

“நீங்கதான சார் மணியடிச்சா ‘வூட்டுக்குப் போங்க’ங்கிறீங்க?”

வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

தாள்களை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை படித்தேன். இலைக்கு எலை, மிளகாய்க்கு மொளகா. வாயில் வருவதை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். இவர்களுக்கா அ, ஆ? ஒரே ஒரு தாள்தான் வெறுமையாக இருந்தது. முருகனுடையது. நிஜமாகவே எழுத்து தெரியாதவன் இத்தனை சிவப்புக்குள் சுகமாக ஒளிந்திருந்தான்.

மறுநாள் ஆபீசர் அம்மாவிடம் தாள்களையே நீட்டினேன். “தப்பைப் பாத்தேங்க, என்ன தப்புன்னு பாக்கல” என்றேன். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“எங்க வூட்லயும் எலைதான் சார் போடுறோம். பிரிச்சு நடத்துங்க.”

செல்வி கூட்டத்துக்கு ‘வாயில வூடு, நோட்டுல வீடு’ என்று ஒரு விளையாட்டு. முருகனுக்கு மட்டும் என் நாற்காலியோரம் அ, ஆ. கோடை லீவு வருமுன்னே அவனாக ஒரு சொல் எழுதினான்: எலி. அது பேச்சிலும் எலி, எழுத்திலும் எலி. கெட்டிக்காரன், வம்பில்லாத சொல்லாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான்.

நேற்று, லீவுக்கு முந்தின பரீட்சைக்கும் அதே படங்கள்தான். இப்போதெல்லாம் தாளைப் படித்துவிட்டுத்தான் செல்போனைத் தொடுகிறேன். வீடு, வீடு, வீடு. ஒரு வூடாவது அகப்படுமா என்று தேடினேன். இல்லை. சந்தோஷம்தான், வேறென்ன. கடைசி மணி அடித்தது.

“சரி, வூட்டுக்குப் போங்க” என்றேன்.

“சார், வீட்டுக்கு!” என்றது மொத்த வகுப்பும்.