மூலைக் கம்பு

எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும் கழி கித்துள் மரத்தில் செதுக்கியது. ஒரு முனையில் நான்கு விரல் நீளத்துக்கு இரும்புக் கூர் உண்டு. அந்த முனை மேலே இருந்தால்தான் கயிறு வழுக்காது என்பது என் மருமகளின் கட்சி. அவள் அப்படி நட்டுவிட்டுப் போவாள். நான் போய்த் திருப்பி, இரும்பை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வருவேன். கயிறு வழுக்கி ஈரத்துணி தரையில் புரண்டால் கிழவனுக்கு வசவுதான். "மாமா, ஒங்களுக்கும் அந்தக் கம்புக்கும் என்னதான் சண்டை?" என்று போன வாரம் கேட்டாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதித் தொலைக்கிறேன்.

அது எங்கள் தோட்டத்துப் பந்தாட்டக் கிளப்பின் மூலைக் கொடிக்கம்பு. பதுளைக்கு ரயில் வராத காலம். நமுனுகுல மலையின் அடிவாரத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே துரை ஒரு மைதானம் விட்டுக்கொடுத்திருந்தார். மண் இறுகிக் கிடந்ததால், கம்பு இறங்குவதற்காக ஃபாக்டரிக் கொல்லன் இரும்புக் கூர் வைத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வரிசைவீட்டு ஜனம் முழுவதும் மேல்சரிவில் வந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பெண்கள் எங்களைத் திட்டுவார்கள். தப்பு அடிக்கிறவர்கள் ஒரு பக்கம் தீமூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் புருஷன், என் மச்சான், மட்டும் சரிவில் உட்கார மாட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள்; தோள் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். மூலைக் கம்பில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு ஆட்டம் முடியும்வரை வாய் மூடாமல் கத்துவார். நான் பந்தைக் கோட்டைவிட்டால், "மாப்ளே, பந்து ஒன்னயப் பாத்துத்தான் வருது, ஒரு கும்பிடாவது போடு!" என்பார். சரிவு முழுக்கச் சிரிக்கும். எதிராளியின் காலைவிட மச்சானின் வாய்க்குத்தான் நாங்கள் பயந்தோம். அதே வாய் "சபாஷ்" என்றுவிட்டால் மூன்றாவது கால் முளைத்தது போல ஓடுவோம். கிளப் என்றால் நாங்கள் பதினொரு பேர்தான் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

எங்கள் கேப்டன் பெரிய கங்காணியின் மகன். கடல் கடந்து எங்களை ஆள்கட்டிக் கொண்டுவந்தவர் பெரிய கங்காணி. வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் வாயில் இருந்தது. மகனுக்கு ஆட்டம் வராது. காலில் போடச் சப்பாத்து இருந்தது, அதனால் கேப்டன். பதுளைப் பசார் டீமோடு நடந்த ஒரு ஆட்டத்தில், காவலே இல்லாத கோலுக்கு முன்னால் அவன் காலுக்குப் பந்து வந்தது. ஓங்கி உதைத்தான். பந்து அங்கேயே நின்றது. சப்பாத்து கழன்று பறந்துபோய்க் கோலுக்குள் விழுந்தது.

"சின்னையா, சப்பாத்து கோலுங்க! பந்து எப்ப வரும்?" என்றார் மச்சான்.

சரிவு சிரித்தது, பசார்க்காரர்கள் சிரித்தார்கள், எங்களிலும் சிலர் சிரித்துவிட்டோம். அவன் ஒற்றைக் கால் சப்பாத்தோடு நொண்டியபடி மூலைக்கு நடந்தான். கம்பைப் பிடுங்கினான். முதல் அடி மச்சானின் தோளில் விழுந்தபோதுகூட அவர் சிரிப்பு முழுதாக நிற்கவில்லை. அடுத்ததற்கு அவன் கம்பைத் திருப்பிப் பிடித்து இரும்பு முனையால் குத்தினான். இடது கண். மச்சான் அலறவில்லை; முகத்திலிருந்து எதுவோ கீழே விழப்போவது போல இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். விரலிடுக்கில் ரத்தம் முழங்கைவரை ஓடியது. விழுந்தவரை விலாவிலும் முதுகிலும் அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஓடிப்போன என்னைக் கங்காணியின் ஆட்கள் தரையில் அமுக்கினார்கள். என் வாயெல்லாம் மண். அக்கா சரிவிலிருந்து உருண்டு புரண்டு வந்ததை அந்த மண்ணில் கிடந்தபடிதான் பார்த்தேன். சாக்கைத் தூளியாகக் கட்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கண் போய்விட்டது. கல்லில் விழுந்துவிட்டான் என்று பெரிய கங்காணி துரையிடம் சொன்னார். துரைக்கு அது போதுமாக இருந்தது. புல்லில் கிடந்த கம்பை நான் எடுத்துப் போய் ஒளித்து வைத்தேன்.

அவனையே கேப்டனாக வைத்துக்கொண்டு நாங்கள் ஆடிய அடுத்த ஆட்டத்துக்குச் சரிவில் ஒரு குஞ்சுகூட இல்லை. அதற்கடுத்த வாரம் கோல்கம்பங்கள் கவ்வாத்துக் கத்தியால் அடியோடு சீவப்பட்டுக் கிடந்தன. ஆடிவிட்டு லயத்துக்குத் திரும்பினால் பெண்கள் சாணித்தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினார்கள். ஒரு பையனின் நெற்றி கல்லடியில் பிளந்தது. நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். இருந்தும் அக்கா தட்டை என் முன்னால் குப்புறக் கவிழ்த்தாள். "அந்தக் கூட்டத்தோட ஓடுன காலுக்கு இங்க என்னடா சோறு?" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்தார், எல்லோரையும் போல வரிசையில் நின்றார். கங்காணி மகன் பக்கத்தில் வந்ததும் கவ்வாத்துக் கத்தியின் பின்புறத்தால் அவன் முழங்காலில் ஒரே போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போலீஸ் வரும்வரை அங்கேயே குந்தியிருந்தார். ஜெயில். வெளியே வந்ததும் வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே துரத்தினார்கள். எல்லை வாய்க்காலான கானைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் காலை வெட்டுவோம் என்றார்கள். அக்காவை மட்டும் விடவில்லை; கொழுந்து எடுக்கும் கை அவர்களுக்கு வேண்டியிருந்தது. மச்சான் கானுக்கு அப்பால் வண்டிப்பாதை ஓரம் ஒரு சிங்களவரின் தோட்டத்தில் மண் கொத்திப் பிழைத்தார்.

முழங்கால் போன கேப்டனுக்குப் பதிலாக டீமேக்கர் கேப்டன் ஆனார். ஃபாக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கிற உத்தியோகஸ்தர், நல்ல மனுஷன். ஜனம் இல்லாமல் கிளப் இல்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. சமாதானமாக லயத்துக்கு ஒரு கிடாய் அனுப்பினார். மறுநாள் அந்தக் கிடாய் கழுத்தில் மாலையோடு, கோல்வாயில் நாங்கள் புதிதாக நட்ட கம்பத்தில் கட்டப்பட்டு நின்றது. எங்கள் கோல்காரனுக்கு அது எவ்வளவோ தேவலை என்று எனக்குத் தோன்றியது. பசார் டீமின் கேப்டன், துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, ஒரே வார்த்தையில் ஆட்டத்தை மறுத்துவிட்டார். "ஆளே இல்லாத எடத்துல நாங்க என்னத்துக்கு மலையேறி வாற? மையத்த அடக்குற மையவாடில பந்தடிக்கிற மாதிரி ஈக்கி."

டீமேக்கர் என்னைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்து அக்காவின் வாசலில் நின்றார். "என்னம்மா செஞ்சா நீங்கல்லாம் திரும்பி வருவீங்க?"

அக்கா அடுப்பை விட்டு எழவில்லை. "எங்க வீட்டு மனுசன் நிக்கிற எடத்துல போயி வெளையாடுங்க ஐயா. அங்க வர்றோம்."

கானுக்கு அப்பால், யாருக்கும் உரிமையில்லாத பத்தனைப் புல்மேட்டை நாங்களே மண்வெட்டியால் நிரவினோம். அங்கே ஆடினால் வேலை போகும் என்று பெரிய கங்காணி ஆள் விட்டுச் சொன்னார். ஆனாலும் டீமேக்கர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆட்டத்தன்று பசார் டீம் மலையேறி வந்தது; நான் ஒளித்து வைத்திருந்த கம்பைக் கொண்டுபோனேன். மச்சான் வாங்கி, ஒற்றைக் கண்ணால் அந்த இரும்பு முனையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே மூலையில் ஊன்றி, கையை வைத்துக்கொண்டு நின்றார். லயத்து ஜனம் கானின் தோட்டத்துப் பக்கக் கரைவரை வந்து நின்றது. தாண்டவில்லை. தாண்டினால் தங்களுக்கும் பத்துச்சீட்டுத்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கியதும் கங்காணி ஆட்கள் தடிகளோடு வந்தார்கள். பின்னால் கங்காணி மகன், நொண்டிக்கொண்டு. நேராக மூலைக்குப் போய் மச்சானைச் சூழ்ந்தார்கள். முதல் தடி அவர் கையை முறித்தது. அப்போது கானின் அக்கரையில் அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கானுக்குள் குதித்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு மொத்த லயமும் கானைத் தாண்டி வந்தது. கூடைக்கயிறு, கவ்வாத்துக் கத்தி, தப்படிக்கும் குச்சி, கைக்கு அகப்பட்டது எல்லாம் ஆயுதம். பசார் நானா தொப்பியை மடியில் செருகிக்கொண்டு எங்கள் பக்கம் இறங்கிவிட்டார். பல் உடைந்தது, மண்டை உடைந்தது. ஒருவனின் காதை நான் கடித்தேன். ரத்த ருசி இன்றைக்கும் நினைவிருக்கிறது. தடிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத அவன் கானுக்குள் மல்லாந்து விழுந்தான்.

மச்சான் முறியாத கையால் கம்பைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "குத்துங்க!" என்று ஜனம் கத்தியது. நானும் கத்தினேன். அவன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறடா," என்றார் மச்சான். அவன் திறந்தான். "நல்லாப் பாரு. ஜனம் எங்க நிக்குதுன்னு பாரு. அதுக்குத்தான் ஒனக்குக் கண்ண விட்டு வைக்கிறேன்."

திரும்பி வந்து கம்பை மறுபடி மூலையில் ஊன்றினார். "பந்தப் போடுங்கடா!" என்றார். உடைந்த மூக்கும் கிழிந்த சட்டையுமாக இரண்டு பக்கமும் ஆடினோம். தோற்றோம். கடைசியில் நான் விட்ட ஒரு பந்துக்கு மச்சான் முறிந்த கையை மார்பில் அணைத்துக்கொண்டு, "மாப்ளே, ஒரு கும்பிடாவது போடு!" என்று கத்தினார். ஒரு வருஷமாகக் கேட்காத சிரிப்பு அந்த மேட்டில் எழுந்தது.

எங்களில் பலருக்கு அந்த மாதமே சீட்டுக் கிழிந்தது, எனக்கும்தான். கிளப் நிற்கவில்லை. பதுளைக்கு இறங்கிவந்து வேறு பேரில் ஆடினோம். மச்சான் சாகும்வரை மூலையில் நின்றார்.

இன்று காலையும் மருமகள் இரும்பை மேலே வைத்துத்தான் நட்டிருந்தாள். அது எந்த வழுக்கலையும் தடுக்கட்டும்; அந்த முனை என் முகத்துக்கு நேரே நிற்பதை என்னால் பார்க்க முடியாது. போய்த் திருப்பி ஊன்றினேன். மச்சான் அப்படித்தான் ஊன்றினார்.