ரெண்டாவது ஆள் கட்சிக்காரர்

“மூணாவது ஆளுக்கு மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும். அவன்லாம் உளவு பாக்கப் போறானா? ரேஷன் கடைக்குப் போவட்டும்.”

பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கண்ணாயிரம் இதை நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டார். கடைசி சீட்டில்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது என்பது அவருடைய இரண்டாவது ஆளின் கொள்கை. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரை யாரய்யா பின்னாலிருந்து சுடப்போகிறார்கள் என்று கேட்டால் கோபம் வரும். நான் பக்கத்துக் கடைக்காரன்; கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நகல் எடுத்த காகிதத்தையும் கவிழ்த்துத்தான் கொடுப்பார். “அடுத்தவங்க ரகசியம் நமக்கு எதுக்கு?” மாணவர்களின் மார்க் ஷீட்டில் அப்படி என்ன ரகசியமோ.

விவரம் இதுதான். ஐம்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது ஒரு வெளிநாட்டு உளவாளிப் பட வரிசை. உளவாளி ஒருவன்தான், நடிக்கிறவர்கள் மாறுவார்கள். இதுவரை ஐந்து பேர். கண்ணாயிரம் இரண்டாவது ஆள் கட்சி. அந்த ஆள் பேச மாட்டார், சிரிக்க மாட்டார், ஒரு அடி விட்டால் எதிரி எழுந்திருக்க மாட்டான். கடலூர் முதுநகர் அப்துல் வதூது மூன்றாவது ஆள் கட்சி. அவருடைய ஆள் கோட்டு கசங்காமல் சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறவர். ஒரு நாள் தியேட்டர் வரிசையில், முன்பின் தெரியாத இவர்கள் இருவரும் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். முப்பத்தைந்து வருடச் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. வதூது சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்திலும், புதுப் படத்தை அங்கே பார்க்காமல் லீவுக்கு வரும்வரை காத்திருப்பார். இவரும் இங்கே பார்க்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வம்பிழுக்க ஆள் இல்லாமல் என்ன படம்?

கண்ணாயிரத்துக்குக் காலண்டரே அதுதான். “எனக்குக் கல்யாணம் ஆனது மூணாவது ஆளு போற நேரம். நாலாவது ஆளோட ரெண்டாவது படம் வந்தப்பதான் சுனாமி.”

போன கார்த்திகையில் வதூதுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கண்ணாயிரம் கடலூர் போய் மூன்றாவது ஆளைத் திட்டிவிட்டு வருகிறார். “ரோஷம் வந்தா வாய் தானா தொறக்கும்” என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். இவர் ஒன்று சொன்னால் வதூது இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டுவார். ‘என் ஆள்தான்டா’ என்று அர்த்தம். எட்டு மாதமாக அவர்களுடைய பேச்சு வார்த்தை இவ்வளவுதான்.

அந்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே வதூதின் மனைவி ரஹ்மத் பீவி நின்றிருந்தார். “மூணு நாளா கஞ்சிகூட எறங்கல அண்ணே. இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாரு டாக்டரு.”

உள்ளே கட்டிலில் வதூது பாதி ஆளாகக் கிடந்தார். கண்ணாயிரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் நாலு முறை சொல்லிப் பார்த்தது வாயில் வரவில்லை.

“மச்சான், ஒன் ஆளுதான்டா பெரிய ஆளு. நான் ஒத்துக்குறேன்.”

வதூது அவரையே பார்த்தார். கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. முப்பத்தைந்து வருடமாக விட்டுக்கொடுக்காதவன் இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் எதற்கென்று அவருக்குத் தெரியாதா? எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

இடது கை மெல்ல எழுந்தது. வழக்கம்போல மூன்று விரல். பிறகு ஒரு விரல் மடங்கியது. இரண்டு விரல் மட்டும் கண்ணாயிரத்துக்கு நேராக நின்றது.

“வேணாம் மச்சான், அதெல்லாம் வேணாம்” என்றார் கண்ணாயிரம். குனிந்து, மடங்கிய அந்த விரலை நிமிர்த்தி, மறுபடி மடங்கிவிடாமல் தன் கையால் பிடித்துக்கொண்டார்.