அக்கரையில் அக்கா

விடியும் நேரத்தில் ஆற்றுமணல் உள்ளங்காலில் ஈரத்துணி பட்டதுபோலக் குளிர்ந்து கிடக்கும்; அதில் மண்டியிட்டு இரண்டு கையாலும் பள்ளம் பறித்தால், நாலு பக்கமிருந்தும் அரிசி களைந்த நீர்போல வெண்மையாகத் தண்ணீர் சுரந்து வரும். அதைக் கொட்டாங்கச்சியால் முகந்து வெளியே வீசிவிட்டுக் காத்திருந்தால், சிறிது நேரத்தில் அடியிலிருக்கும் மணல் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும். "ஊத்து தெளிஞ்சுருச்சு" என்பாள் அம்மா. அப்படிச் சொல்லும்போது அவள் கண்கள் ஊற்றில் இருக்காது. ஓடைபோல் ஒதுங்கி ஓடும் காவிரிக்கு அந்தப் பக்கம், அக்கரை மணலில், யாராவது குடத்தோடு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மேட்டூரில் அணை கட்டி முடிக்காத காலம் அது. மாசி பிறந்தால் ஆறு மெல்ல ஒடுங்கத் தொடங்கும். கரையில் புங்கமரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளதளவென்று துளிர்த்து நிற்கும். அவற்றின் பூ நிலமெல்லாம் பொரிபோலச் சிதறிக் கிடக்கும். மணலில் வெள்ளரிப் பாத்தி போட்டவர்கள் ஓலைக் குடிசை கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருப்பார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் காலையில் ஆறுதான் போக்கிடம்.

என் அக்கா பாவாயியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று அன்றைக்கே முகம் சுளித்தார்கள். பிறகு தைப்பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு என் அய்யன் (தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போனபோது, அக்காவின் மாமனார் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாராம். அய்யன் சீரைத் திண்ணைமேல் வைத்துவிட்டு அப்படியே பரிசல் ஏறி வந்துவிட்டார். "இனி அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டன்" என்றார் அவர். "எம் மருமவ இனி ஆறு தாண்ட மாட்டா" என்றாராம் அவர் சம்பந்தி. நடுவில் அக்கா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டியவள்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அம்மாவோடு தினமும் நானும் ஆற்றுக்குப் போவேன். மாசியில் அக்கா எங்களுக்கு ஒரு நிறம் மட்டும்தான். தூரத்து மணலில் அசையும் அரக்குச் சேலை. நீர் வடிய வடிய அவளுக்குக் கையும் முகமும் வந்தன. பிறகு குரலும் வந்தது. பங்குனி பிறந்தபோது, "சோறு எறங்குதா சாமீ?" என்று அம்மா இங்கிருந்து கூவினால், "புளிப்பாத் திங்கோணும்னு இருக்குதும்மா!" என்று அங்கிருந்து பதில் வரும். தண்ணீர்மேல் தவழ்ந்து வரும் அந்தக் குரல் கனவில் கேட்பதுபோல இருக்கும். அவள் வாய் மூடிய பிறகுதான் சொல் வந்து சேரும்.

எங்கள் ஊருக்குச் சற்று மேலே நீரோட்டம் இக்கரையை விட்டு விலகி அக்கரைப் பக்கம் சாயும். அம்மா ஒரு சின்னக் கலயத்தில் மாம்பிஞ்சுகளைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அந்த இடத்தில் கணுக்கால் நீரில் நின்று மெல்லத் தள்ளிவிடுவாள். அதற்குமேல் அவள் இறங்க மாட்டாள். எருமப்பட்டிப் பக்கத்துக் கிணற்றுக்காட்டில் பிறந்தவளுக்கு ஓடும் தண்ணீரென்றால் பயம். கலயம் சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் போகும். அக்கா முழங்கால் நீரில் நின்று பிடித்துக்கொள்வாள். வீட்டில் கலயங்கள் குறைந்துகொண்டே வந்தன. அய்யன் புதுச்சத்திரம் போய்த் திரும்பிய ஒரு நாள், வண்டியிலிருந்து ஒரு சாக்கு நிறையப் புதுக் கலயங்களை இறக்கி வைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஒரு காலை, கலயத்தைத் தள்ளிவிட்ட பிறகுதான் அக்கரையைப் பார்த்தோம். அக்கா இல்லை. அவள் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன கலயத்தைக் கூப்பிட முடியுமா? அந்த அம்மாள் தண்ணீரில் இறங்கி அதை நிறுத்தினார்; துணியை அவிழ்த்தார்; உள்ளே பார்த்தார்; பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஏனுங், கூட ரண்டு உப்புக்கல்லும் மொளகாயும் போட்டு உடப்படாதுங்களா? வெறும் மாங்காயத் தின்னா புள்ளைக்குப் பல்லுக் கூசுமில்லீங்க!"

அம்மா ஈரமணலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஊரிலும் மாரியம்மன் நோன்பு சாட்டித் திருவிழாவைத் தொடங்கினார்கள். கோயில் வாசலில் "கம்பம்" நட்டார்கள். மூன்றாகக் கிளைத்த வேப்பமரம் அது. அதற்கு ஊற்ற விடியலில் பெண்கள் குடம்குடமாய் ஆற்று நீர் சுமந்தார்கள். கம்பம் இருக்கும்வரை ஊரார் யாரும் எல்லை தாண்டிப்போய்த் தங்கக் கூடாது. நோன்பு முடிந்து கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்ட மறுநாள் காலையில், அக்காவும் மாமியாரும் சேர்ந்து வந்தார்கள். அக்காவின் இடுப்பிலிருந்த குடத்தை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு என்னவோ சொன்னார். அக்கா சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"அய்யோ சாமி, வேண்டாம், வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே அம்மாவும் இறங்கிவிட்டாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, அவள் நிற்கவில்லை. நடு ஆற்றில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊட்டுல சொல்லாமயா வந்துட்டே?"

"அத்தைதானுங்கம்மா போகச் சொன்னாங்க. 'கம்பம் ஆத்துல உட்டாச்சு, இனி நீ கெளம்பு சாமி, மாமனை நான் பாத்துக்கறேன்'னாங்க."

அம்மா அக்கரையைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்த அம்மாளுக்குக் கை ஒழியவில்லை. இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் அய்யன் கட்டுத்தரையில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார். "வா சாமி" என்றார். பிறகு எதற்கென்று தெரியாமல் தென்னந்தோப்புக்குப் போய், இரண்டு பேர் குடிக்க முடியாத அளவுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார்.

ஆனியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. செந்நிறமாய் நுரைத்து வெள்ளரிப் பாத்திகளையெல்லாம் வழித்துக்கொண்டு போயிற்று. அந்த வெள்ளத்தில்தான் அக்காவுக்குப் பெண் பிறந்தது. சேதி போன மறுநாள், கரைபுரளும் ஆற்றில் ஒரு பரிசல் தள்ளாடித் தள்ளாடி வந்தது; அதில் அக்காவின் மாமனார், தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அய்யன் துறைக்கு இறங்கிப்போய்க் கை கொடுத்து அவரைக் கரையேற்றினார்.

"வாங்க, வாங்க."

"ஆத்துல தண்ணி ஏறிப்போச்சுங்க. இல்லீன்னா முன்னமே வந்திருப்பனுங்க."

"ஆமாங்க, தண்ணி செரியான தண்ணி" என்றார் அய்யன்.

அத்தனை நாள் முழங்கால் ஆழத்தில் கிடந்த ஆற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. போன பங்குனியில் பேருந்தில் கடந்தேன். மணல் வாரிப்போன ஆற்றில் பாறை துருத்திக்கொண்டு நின்றது, மிச்சமிருந்த பள்ளங்களில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. கையால் தோண்டிக் குடிக்கிற தண்ணீர் அங்கே இல்லை. அம்மாவும் அய்யனும் போய் வெகுகாலமாகிறது. அக்காவும் இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டாள். போவதற்குச் சில மாதம் முன்பு, வெகுநாளாக மனதில் கிடந்ததை அவளிடம் கேட்டேன்: அவளை ஆறு தாண்ட அனுப்பிய அன்று காலை, வீட்டுக்குப் போய் அவள் மாமியார் தன் புருஷனிடம் என்னதான் சொன்னாராம்?

அக்கா சிரித்தாள். "ஒண்ணுஞ் சொல்லலையாமா. அவங்க கொடத்தையும் எங்கொடத்தையும் எறக்கி வெச்சாங்களாமா. மாமன் அந்த ரண்டையும் பாத்தாராமா. அத்தை அடுப்புப் பத்த வெக்கப் போயிட்டாங்களாமா."