அண்ணியின் மூன்றாவது பரீட்சை

நீட்டிய கையைக் குலுக்கும் பழக்கம் என் அண்ணிக்கு இல்லை. வாங்கித் திருப்பி, முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "நல்ல நரம்புங்க உங்களுக்கு" என்பார். ஒரு கல்யாணத்தில் எல்லோரும் மணப்பெண்ணின் வளையலைப் பார்க்க, அண்ணி வளையலுக்கு மேலே பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பொண்ணுக்கு அருமையான நரம்பு, குடுத்து வச்சவங்க நீங்க" என்று சொல்லவும் செய்தார். அண்ணன் வந்து சாப்பாட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

படித்த ஊரில் அவர் டாக்டர். இந்த நாட்டில் அந்தப் பட்டம் மட்டும் போதாது; ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்க ஊசி பிடிக்கிறார். மறுபடி டாக்டராக வேண்டுமானால் ஏதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர வேண்டும். அதற்கு இரண்டு தகுதிப் பரீட்சைகள். இரண்டும் பாஸ்தான். ஆனால் இரண்டாவதில் முதல் தடவை வழுக்கிவிட்டார். அந்த ஒரு வழுக்கல் போதாதா? போன வருஷம் விண்ணப்பித்தபோது ஒரு ஆஸ்பத்திரிகூட நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. படிப்பை முடித்து வருஷம் ஏற ஏற, ஏறெடுத்துப் பார்க்கிறவர்களும் குறைகிறார்கள். இந்த வருஷமும் போனால் ஊசியும் பஞ்சும்தான் கடைசிவரை.

மூன்றாவதாக ஒரு பரீட்சை இருக்கிறது. இடம் கிடைத்த பிறகு எழுதினால் போதும். முன்னாலேயே எழுதிப் பாஸானால் பழைய வழுக்கலை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். ஃபெயிலானால் கதை கந்தல்.

ஊசி குத்துவதில் அண்ணிக்குத் தயக்கமே கிடையாது. "ஒரே குத்துதான், முகத்தைத் திருப்பிக்கோங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். இந்த விஷயத்தில் மட்டும் ஜவ்வாக இழுத்தார். எழுதலாமா வேண்டாமா என்று அவர் கேட்காத ஆள் பாக்கியில்லை. இதே பரீட்சைக்குப் படிக்கிற தோழி ஒருத்தி, "கண்ணை மூடிக்கிட்டு எழுது" என்றாள். இன்னொருத்தி, "சும்மா இருக்கிறதைக் கிளறாதே" என்றாள். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவரிடம்கூடக் கேட்டிருக்கிறார். "வெறும் வயித்தோட வந்திருக்கேன்மா, முதல்ல எடுத்து விடு" என்றாராம் அவர்.

என் அண்ணன் இருக்கிறானே, ஒரு தும்மல் போட்டால் முழு உடம்புக்கும் டெஸ்ட் கேட்கிற ரகம். அண்ணியிடம் அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: "ரிசல்ட் எப்படி வந்தாலும் அதே மாத்திரைதான் குடுக்கப்போறோம்னா, எதுக்குங்க டெஸ்ட்?"

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் அதைத் திருப்பிப் போட்டான். அண்ணி சரியாகத் தூங்காமல் இளைத்துப் போவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை, பாவம்.

"அதே சட்டம்தானே உனக்கும்? இந்தப் பரீட்சை ரிசல்ட் வந்தா என்ன மாறப்போகுது? பேசாம ரெண்டை வச்சே அப்ளை பண்ணு."

மடக்கிவிட்ட பெருமையில் என்னைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்தான். அண்ணி கரண்டியும் கையுமாக நின்றார்.

"பாஸானா கூப்பிடுவாங்க. ஃபெயிலானா கூப்பிட மாட்டாங்க. எழுதாம விட்டா..." கரண்டி அண்ணனை நோக்கி நீண்டது. "எழுதாம விட்டுத்தானே போன வருஷம் ஒருத்தரும் கூப்பிடல. அப்ப மாறுதேங்க! எடுக்க வேண்டிய டெஸ்ட்தான் இது."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! தடுக்க வந்தவன் தானே பிடித்துத் தள்ளிவிட்டான்.

"பயமா இருக்குங்க. இன்னொரு தடவை ஃபெயில்னு பார்த்தா தாங்க மாட்டேன்" என்றார் அண்ணி. சொல்லிக்கொண்டே கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். பரீட்சைக்குத் தேதி பார்த்தார். பதிவு செய்கிற இடத்துக்கு வந்ததும் கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. நகரவே இல்லை.

"ஒரே குத்துதான் அண்ணி, முகத்தைத் திருப்பிக்கோங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினார்.

அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாடி பார்க்கச் சொல்லித் தன் கையை என்னிடம் நீட்டினார். நாடி எங்கே துடிக்கும் என்று எனக்கென்ன தெரியும்? மணிக்கட்டை அங்கும் இங்கும் தடவினேன். அண்ணியே என் விரலை நகர்த்திச் சரியான இடத்தில் வைத்து, அதன்மேல் தன் இன்னொரு கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.